கடத்தல்காரர், தாதா, தீவிரவாதி, கேங்ஸ்டர்... மும்பை நிழல் உலகத்தை செய்தித்தாள்கள் எழுதும் விதம் எப்படி மாறியது?

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை இரவு. மகாராஷ்டிர முன்னாள் அமைச்சர் பாபா சித்திக் மும்பை பாந்த்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே சமூக வலைதளத்தில் ஒரு பதிவு வந்தது. லாரன்ஸ் பிஷ்னோய் கும்பலின் பெயரில் கொலைக்குப் பொறுப்பேற்ற பதிவு அது. அதற்குப் பிறகு பல நாள்களுக்கு நம் போனுக்கு வந்த நோட்டிஃபிகேஷன்களை நினைத்துப் பாருங்கள். "யார் இந்த லாரன்ஸ் பிஷ்னோய்?", "சிறையில் இருந்தபடி சாம்ராஜ்யம்", "700 ஷூட்டர்கள்".

கொல்லப்பட்டவரைவிட, பொறுப்பேற்ற கும்பலின் தலைவரைப் பற்றித்தான் நாம் அதிகம் படித்தோம். இது புதுப் பழக்கமா என்றால், இல்லை. மும்பையில் 50 வருடங்களாக இதுதான் நடக்கிறது. குற்றக் கும்பல்களுக்கு செய்திகள் வைத்த பெயர்கள் மட்டும் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்தன. அந்தப் பெயர்கள் மாறும்போதெல்லாம், போலீஸ் என்ன செய்தால் சரி என்று மக்கள் நினைப்பதும் மாறியது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1970கள்: 'கடத்தல்காரர்' என்ற பணக்காரர்

கொஞ்சம் ரீவைண்ட் பண்ணலாம். அப்போது வெளிநாட்டுத் தங்கம், கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர் எல்லாம் இந்தியாவுக்குள் சுலபமாக வர முடியாது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. ஆனால், மக்களுக்குத் தங்கம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் மும்பை துறைமுகத்தை ஒட்டி கடத்தல் தொழில் வளர்ந்தது. அதேபோல, பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-ல் வந்த பிறகு கள்ளச்சாராயமும் பெரிய வியாபாரம் ஆனது.

இந்த இரண்டு தொழில்களிலும் மேலே வந்த இருவர் தமிழர்கள். ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தான். இன்னொருவர் வி.டி. ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்து, தாராவி, மாட்டுங்கா பகுதிகளில் செல்வாக்கு பெற்ற வரதராஜ முதலியார் என்கிற வரதாபாய். மூன்றாவது பெரிய பெயர் பதான் கும்பலின் கரீம் லாலா.

அந்தக் காலத்து மஸ்தானைப் பற்றி இன்று எதைப் படித்தாலும் வெள்ளை உடை, வெள்ளை மெர்சிடிஸ் கார், சினிமா நட்சத்திரங்களோடு நட்பு என்றுதான் வரும். வரதாபாய் என்றால் மாட்டுங்கா விநாயகர் பந்தல், ஏழைகளுக்கு உதவி. இருவரும் தவறு செய்தவர்கள்தான், ஆனால் 'பெரிய மனுஷர்கள்' என்பது போன்ற சித்திரம். எமர்ஜென்சி காலத்தில் மஸ்தான் சிறைக்குப் போனார். வெளியே வந்து அரசியல் கட்சியும் தொடங்கினார்.

ஏன் இந்த மென்மை? வாசகர்களில் பலரே கடத்தல் பொருளின் வாடிக்கையாளர்கள். ஃபாரின் வாட்ச் கட்டியவருக்கு கடத்தல்காரர் மீது பெரிய கோபம் வராது. வரி ஏய்ப்பில் யார் அடிபட்டார் என்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், கள்ளச்சாராயத்தில் அழிந்த குடும்பங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. அவை இந்தச் சித்திரத்தில் அநேகமாக இல்லை.

சினிமா அதை இன்னும் அழுத்தமாகப் பதித்தது. 1975-ல் வந்த 'தீவார்' படத்தின் நாயகனை மஸ்தானோடு இணைத்துப் பேசுவார்கள். 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' வரதாபாயின் வாழ்க்கையிலிருந்து உருவானது. தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு வரதாபாய் என்றால் இன்றும் நினைவுக்கு வருவது வேலு நாயக்கர்தான். செய்தியில் வந்த மனிதர் மறைந்து, படத்தில் வந்த மனிதர் தங்கிவிட்டார்.

1980கள்: மில் மூடியது பொருளாதாரப் பக்கத்தில், கும்பல் க்ரைம் பக்கத்தில்

1982 ஜனவரியில் மும்பையில் இரண்டு விஷயங்கள் ஒரு வார இடைவெளியில் நடந்தன.

ஜனவரி 11-ம் தேதி வடாலாவில் மன்யா சுர்வே என்ற ரவுடி போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மும்பையின் முதல் 'என்கவுன்டர்' என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுவது இதுதான்.

ஜனவரி 18-ம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் ஜவுளி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கிய போராட்டம். அது முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. பல ஆலைகள் மூடப்பட்டன. லால்பாக், பரேல், பைகுல்லா பகுதிகளில் ஒரு தலைமுறை இளைஞர்கள் வேலை இல்லாமல் நின்றார்கள். அந்த ஏரியாவில் இருந்துதான் அருண் கவ்லி போன்றவர்களின் கும்பல்கள் ஆள் எடுத்தன. கவ்லியே ஆலைத் தொழிலாளியின் மகன்.

இப்போது ஒரு செய்தித்தாளின் அமைப்பை யோசியுங்கள். வேலைநிறுத்தம் தொழிலாளர், பொருளாதாரச் செய்தி. கேங் வார் க்ரைம் செய்தி. இரண்டையும் எழுதுபவர்கள் வேறு, பக்கங்கள் வேறு. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கங்களையும் ஒருவர் சேர்த்து எழுத வேண்டும். தினசரிச் செய்தியில் அது அரிதாகத்தான் நடக்கும்.

அதனால் 'தாதா' என்றொரு தனிப் பிறவி உருவானது. எங்கிருந்து வந்தார், யார் வேலையைப் பறித்தார்கள், மில் நிலம் கடைசியில் யார் கைக்குப் போனது என்ற கேள்விகள் காணாமல் போயின. தத்தா சாமந்தும் 1997 ஜனவரி 16-ல் கூலிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். மில் கதையும் கேங் கதையும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

1993: ஒரே நாளில் மாறிய சொல்

1993 மார்ச் 12. மும்பையில் 12 இடங்களில் தொடர் குண்டுவெடிப்பு. 257 பேர் இறந்தார்கள். தேடப்பட்ட முக்கியக் குற்றவாளிகளில் ஒருவர், ஒரு ஹெட் கான்ஸ்டபிளின் மகனான தாவூத் இப்ராஹிம்.

அன்று வரை துபாயில் இருந்தபடி கிரிக்கெட் மேட்ச் பார்க்கும், நட்சத்திரங்களுக்கு விருந்து வைக்கும் 'டான்' ஆக செய்திகளில் வந்தவர், அதற்குப் பிறகு 'தீவிரவாதி' ஆனார். அந்தச் சொல் மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. நடந்தது கொடூரம். ஆனால், அதோடு வேறு இரண்டு விஷயங்களும் நடந்தன.

ஒன்று: குண்டுவெடிப்புக்கு முன், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நடந்த கலவரங்களில் 900 பேர் கொல்லப்பட்டார்கள். அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன், கலவரத்துக்கும் குண்டுவெடிப்புக்கும் காரண காரியத் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று சொன்னது. இன்று 'மும்பை 1993' என்றதும் தாவூத் பெயர் சட்டென்று வருகிறது. 900 என்ற எண் எத்தனை பேருக்கு நினைவுக்கு வரும்?

இரண்டு: கும்பல்களுக்கு மத அடையாளம் ஒட்டியது. தாவூத்தை விட்டுப் பிரிந்த சோட்டா ராஜன் 'தேசபக்த டான்' ஆனார், 'ஹிந்து டான்' ஆனார். பால் தாக்கரே, கவ்லி போன்றவர்களை 'நம் பிள்ளைகள்' என்று மேடையில் சொன்னார். ராஜன் வெளிநாட்டிலிருந்து செய்தியாளர்களுக்கு போன் போட்டுப் பேட்டி கொடுத்தார். எதிர்த்தரப்பில் சோட்டா ஷகீலும் அப்படியே. யார் யாரைப் போட்டார்கள் என்பது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வந்தது.

இத்தனைக்கும் இரண்டு தரப்பும் மிரட்டிப் பணம் பறித்தது ஒரே மாதிரி ஆட்களிடம்தான். பில்டர், ஹோட்டல் ஓனர், சினிமா தயாரிப்பாளர், சின்னக் கடைக்காரர். 1997 ஆகஸ்ட் 12-ல் டி-சீரிஸ் நிறுவனர் குல்ஷன் குமார் கோயில் வாசலில் சுடப்பட்டபோது அது தேசியச் செய்தி. ஆனால், மாதாமாதம் ஹஃப்தா கட்டிய கடைக்காரர் செய்தியில் இல்லை. அவர் பேசினால் செத்துப்போவார், பேசாவிட்டால் செய்தி இல்லை. அவ்வளவுதான்.

2000கள்: ஹீரோ நாற்காலியில் போலீஸ்

90களின் நடுவில் மும்பை போலீஸ் சுட ஆரம்பித்தது. 1995 முதல் 1997 வரை மட்டும் சுமார் 99 என்கவுன்டர்கள், சுமார் 135 மரணங்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன எண்கள் இவை.

பொதுமக்களில் பலர் இதை வரவேற்றார்கள். அதில் ஆச்சரியமும் இல்லை. வழக்கு நடந்தால் சாட்சி பிறழ்வார், ஜாமீன் கிடைக்கும், மறுபடி மிரட்டல் போன் வரும். பயத்தில் இருந்தவர்களுக்கு துப்பாக்கி சீக்கிரத் தீர்வாகத் தெரிந்தது.

செய்திகள் இதற்கு ஒரு பட்டம் கண்டுபிடித்தன: 'என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட்'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டப்படி என்கவுன்டர் என்பது, போலீஸ் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழியில்லாமல் சுடுவது. எதிர்பாராமல் நடப்பது. எதிர்பாராமல் நடக்கும் ஒன்றில் ஒருவர் எப்படி ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியும்? ஆனாலும் பிரதீப் சர்மா, தயா நாயக், விஜய் சாலஸ்கர் ஆகியோரின் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் வந்தன. சர்மாவுக்கு 100-க்கும் மேல் என்று எழுதினார்கள். 2004-ல் 'அப் தக் சப்பன்' என்று படமே வந்தது. தலைப்புக்கு அர்த்தம், 'இதுவரை 56'.

இந்தக் கதையின் மறுபக்கம் வெளியே வர பல வருடங்கள் ஆனது. 2006 நவம்பர் 11-ல் ராம்நாராயண் குப்தா என்கிற லக்கன் பய்யா, வெர்சோவாவில் நடந்த என்கவுன்டரில் இறந்ததாக போலீஸ் சொன்னது. அவர் சகோதரர் ஒரு வழக்கறிஞர். தன் சகோதரரை போலீஸ் தூக்கிச் சென்றுவிட்டது என்று அன்றே அதிகாரிகளுக்குத் தந்தி அனுப்பியிருந்தார். விடாமல் வழக்கு நடத்தினார். 2013-ல் போலீஸார் உட்பட 21 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அப்போது சர்மா விடுவிக்கப்பட்டார். 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு சென்றிருக்கிறார்.

அது திட்டமிட்ட கொலை என்றுதான் நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. 'ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதிய வருடங்களில் அந்த ஸ்கோர் கார்டில் இருந்த மற்ற மரணங்கள் எப்படி நடந்தன? அவர்கள் எல்லோருக்கும் வழக்கறிஞர் சகோதரர் இல்லை.

எழுதியவர்களுக்கு என்ன ஆனது?

க்ரைம் ரிப்போர்ட்டரின் வேலை வெளியில் இருந்து பார்க்கும் அளவுக்குக் கெத்தானது இல்லை. செய்தி கிடைக்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று போலீஸ், இன்னொன்று கும்பல். இருவருக்கும் தங்கள் கதை வெளியே வர வேண்டும். ஒருவரைப் பகைத்தால் செய்தி நிற்கும், இன்னொருவரைப் பகைத்தால் உயிர் போகும்.

'மிட்-டே' நாளிதழின் மூத்த செய்தியாளர் ஜோதிர்மய் டே, 2011 ஜூன் 11-ம் தேதி பவாயில் பைக்கில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தன்னைப் பற்றி அவர் எழுதிய செய்திகளால் ஆத்திரப்பட்டு சோட்டா ராஜன் ஆள் வைத்துக் கொன்றார் என்பது அரசுத் தரப்பு வழக்கு. 2018 மே மாதம் ராஜனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 'தேசபக்த டான்' என்று செய்தியாளர்கள் பட்டம் கொடுத்த அதே ஆள்.

அந்த வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இன்னொரு நாளிதழின் செய்தியாளர் ஜிக்னா வோராவை 2011 நவம்பரில் போலீஸ் கைது செய்தது. டேவைப் பற்றிய தகவல்களை ராஜனுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. சுமார் ஒன்பது மாதம் சிறை. அந்த நாள்களில் அவருடைய தொழில் வளர்ச்சி, குணம், அந்தரங்க வாழ்க்கை எல்லாமே பெயர் சொல்லாத 'போலீஸ் வட்டாரங்களை' வைத்துச் செய்தியானது. எழுதியது அவருடைய சக செய்தியாளர்கள். 2018-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்கூப்' தொடர் அவருடைய புத்தகத்தை வைத்து எடுக்கப்பட்டதுதான்.

சரி, தமிழ்நாட்டில் நாம் எப்படி எழுதுகிறோம்?

மும்பையைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. நம் செய்திகளுக்கும் ஓர் அகராதி இருக்கிறது. 'பிரபல ரவுடி', 'ஏ பிளஸ் ரவுடி', 'ஸ்கெட்ச் போட்டு', 'கூலிப்படை', 'பரபரப்பு வாக்குமூலம்', 'தப்பியோட முயன்றபோது தவறி விழுந்து கை முறிவு'. கடைசி வரிக்குக் கீழே மாவுக்கட்டு போட்ட படம். அதற்குக் கீழே சிரிக்கும் எமோஜிகள்.

இதில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இதைச் சொன்னது. இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் 23-வது பிரிவு. நீதிமன்றமே ஏற்காத ஒன்று மறுநாள் காலையில் தலைப்புச் செய்தி ஆகிறது. படிக்கிற நமக்கு வழக்கு அன்றே முடிந்துவிடுகிறது.

2024 ஜூலை 5-ல் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் சென்னை பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பதே நாளில், ஜூலை 14 அதிகாலையில், கைதானவர்களில் ஒருவர் மாதவரம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தைக் கைப்பற்ற அழைத்துச் சென்றபோது போலீஸை நோக்கிச் சுட்டார் என்பது காவல்துறை சொன்ன காரணம். இதில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவருக்குத் தெரிந்திருந்த விவரங்கள் என்ன ஆயின? கொலையை யார் ஏவினார்கள் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய் மூடிவிட்டது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் அது இழப்புதான்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

மேலே சொன்ன மும்பை என்கவுன்டர் வழக்கில் 2014 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஒவ்வொரு என்கவுன்டர் மரணத்துக்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும். சிஐடியோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். சம்பவம் நடந்த உடனே பதவி உயர்வோ வீர விருதோ கொடுக்கக் கூடாது. அடுத்த முறை என்கவுன்டர் செய்தி படிக்கும்போது இந்த நான்கும் நடந்ததா என்று தொடர் செய்தி வருகிறதா பாருங்கள்.

அதே வழக்கில் 2023 செப்டம்பரில், போலீஸ் ஊடகங்களுக்கு எப்படித் தகவல் சொல்ல வேண்டும் என்று கையேடு தயாரிக்கும்படி உள்துறை அமைச்சகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊடக விசாரணை நியாயமான வழக்கைக் கெடுக்கும் என்பதுதான் அதன் கவலை.

இன்னொன்று பிஷ்னோய் பேட்டி. 2023 மார்ச்சில் ஒரு டிவி சேனலில் அவர் பேட்டி இரண்டு பாகங்களாக வந்தது. கைதியாக இருப்பவர் எப்படிப் பேட்டி கொடுத்தார்? பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. முதல் பேட்டி 2022 செப்டம்பரில், பஞ்சாப் போலீஸின் கரர் சிஐஏ காவல் நிலையக் கட்டடத்திலேயே எடுக்கப்பட்டது என்று சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டுபிடித்தது. ஒரு டிஎஸ்பி 2025 ஜனவரியில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பேட்டி குற்றத்தையும் குற்றவாளியையும் போற்றுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஒரு கோடிக்கும் அதிகமான வியூஸ் போய்விட்டது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

மஸ்தானுக்கு தன் படம் வெளியே வர ஒரு புகைப்படக்காரர் வேண்டும். ராஜனுக்கு ஒரு செய்தியாளரின் போன் நம்பர் வேண்டும். இன்றைய கும்பலுக்கு இரண்டும் வேண்டாம். ஒரு அக்கவுன்ட் போதும். பதிவு போட்டால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மீதி வேலையை நாம் செய்கிறோம். பயம்தான் மிரட்டல் தொழிலின் முதலீடு. "700 ஷூட்டர்கள்" என்று நாம் ஒவ்வொரு முறை ஷேர் செய்யும்போதும், அடுத்த மிரட்டல் போனை எடுக்கும் வியாபாரிக்கு நடுக்கம் கூடுகிறது. பணம் சீக்கிரம் கைமாறுகிறது.

எழுதாமல் விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. எழுதாவிட்டால் கும்பலுக்குப் பின்னால் இருக்கும் அரசியல்வாதிக்கும் பில்டருக்கும்தான் லாபம். எனவே, எழுதுகிற எங்களுக்கும் படிக்கிற உங்களுக்கும் பொருந்தும் ஐந்து கேள்விகளோடு முடிக்கலாம்.

1. இதை யார் சொன்னது? 'போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது' என்ற வரி இருக்கிறதா, அல்லது போலீஸ் சொன்னதே உண்மை என எழுதப்பட்டிருக்கிறதா?

2. சந்தேகத்துக்குரியவரா, குற்றம் சாட்டப்பட்டவரா, தண்டிக்கப்பட்டவரா? மூன்றும் வேறு வேறு.

3. பாதிக்கப்பட்டவர் செய்தியில் எத்தனை வரி? ரவுடியின் பட்டப்பெயருக்கான கதை எத்தனை வரி?

4. பணம் எங்கே போகிறது? நிலம், மணல், ஸ்கிராப், வட்டி... தொழில் எதுவென்று சொல்லாத ரவுடி செய்தி பாதிச் செய்திதான்.

5. ஆறு மாதம் கழித்து இதே வழக்கைப் பற்றி ஒரு செய்தியாவது வந்ததா?

ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அந்த 'இல்லை'யை மாற்றுவதில் எங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரும் அந்தச் சின்னச் செய்தியையும் நீங்கள் கிளிக் செய்தால், எங்களுக்கும் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.